மணல்திட்டில் மூவர், முத்து ஒன்று

பவளத்துறையில் ஆவுடையாள் என்றொரு கப்பல்காரி இருந்தாள். கணவன் போனபின் பாய்மரக் கப்பலைத் தானே நடத்தியவள். ஊரில் எவருக்கும் அஞ்சாத அவள், கணவனின் அக்காள் வடிவு குரலை உயர்த்தினால் மட்டும் அடங்கிவிடுவாள். வடிவு சாப்பாட்டுப் பிரியை, பசி பொறுக்கமாட்டாள்.

ஒரு கோடையில் இருவரும் ஊர் திரும்பும்போது கப்பல் பாறையில் மோதிப் பிளந்தது. மற்றவர்கள் சிறுபடகில் தப்பிவிட்டார்கள். ஆவுடையாள், வடிவு, சுக்கான் பிடிக்கும் சேந்தன், தாணு வைத்தியர் ஆகிய நால்வரும் ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு ஆளில்லாத மணல்திட்டில் ஒதுங்கினார்கள். கூடவே ஒதுங்கியவை ஒரு தோல்பை தண்ணீரும் ஒரு கூடை கருவாடும்தான்.

மறுநாளே தோல்பை வற்றிவிட்டது.

திட்டு முழுக்கக் கடற்காகங்கள். அவற்றின் எச்சத்தால் பாறைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. அவை உப்புநீரைக் குடித்துவிட்டு உற்சாகமாகச் சண்டை போடுவதை ஆவுடையாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அலகு நுனியில் மட்டும் எப்போதும் ஒரு துளி நீர் தொங்கியது.

“இதுகளுக்கு ஒத்துக்கொள்ளும்போது எனக்கு மட்டும் ஆகாதா?” என்று கரையில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையில் கடல்நீரை மொண்டு வாயருகே கொண்டுபோனாள். சேந்தன் பாய்ந்துவந்து சிரட்டையைத் தட்டிவிட்டான்.

“என்னை வேலையை விட்டே நிறுத்துங்க தாயே, ஆனா இதைக் குடிக்க விடமாட்டேன். உங்க உயிருக்கு நான் பொறுப்புன்னு சத்தியம் செஞ்சுதான் கப்பலேறினேன்.”

ஆவுடையாள் கழுத்தில் கிடந்த முத்தைத் தொட்டாள். “நான் உயிரோட கரை சேர யார் காரணமோ, அவங்களுக்கு இந்த முத்து.”

நடுப்பகலில் பசி குடைந்தது. ஆவுடையாள் கருவாட்டுக் கூடையைத் திறந்தாள். வடிவு அதைப் பிடுங்கி, அப்படியே கடலில் கவிழ்த்துவிட்டாள்.

“மதினி! உங்களுக்குப் பைத்தியமா?”

“தின்னா தாகம் ரெண்டு மடங்காகும்டி. காலையில ஒதுங்கப் போனப்போ பார்த்தேன். மூத்திரம் மஞ்சளா, துளியூண்டுதான் போச்சு. இருக்கிற தண்ணியை உடம்பு விடாம பிடிச்சு வச்சிருக்கு. நீ கருவாட்டைப் போட்டு அதைக் கரைக்காதே.”

அன்று முழுக்க யாரும் அவளோடு பேசவில்லை. சேந்தன் அவள் காதுபடவே திட்டினான். எல்லார் வயிற்றையும்விட வடிவின் வயிறுதான் உரக்கக் கூவியது.

அடுத்த நாள் காலை நாக்கு வறண்டுபோன தாணு வைத்தியர் தண்ணீர் தேடிப் புறப்பட்டார். கடற்காகங்களுக்கு நடுவே சில புறாக்கள் புல்விதை பொறுக்கிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் அவை கூட்டமாக எழுந்து மேற்கே பறந்தன.

“கடற்காகத்தை நம்பி தண்ணி தேட முடியாது. ஆனா விதை தின்னுற புறாவுக்கு நல்ல தண்ணி இல்லாம முடியாது” என்று சொல்லி, நீர் வடிந்த நேரத்தில் இடுப்பளவு கடலில் இறங்கி, மேற்கே தெரிந்த அடுத்த திட்டுக்கு நடந்தார். அங்கே தாழைப் புதருக்குள் ஒரு சுனை. தான் வயிறு நிறையக் குடித்துவிட்டு மற்றவர்களைக் கூவி அழைத்தார். ஆவுடையாள் தள்ளாடினாலும் தன் காலாலேயே நடந்துபோய்க் குடித்தாள். மாலையில் தேடிவந்த படகு அவர்களை ஏற்றிக்கொண்டது.

பவளத்துறையில் கால் வைத்ததுமே வழக்கு தொடங்கிவிட்டது.

“நான் தட்டிவிடலைன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்” என்றான் சேந்தன்.

“சுனை கிடைக்கலைன்னா மறுநாள் முடிஞ்சிருக்கும்” என்றார் வைத்தியர்.

“கருவாட்டைத் தின்னிருந்தா, சுனை வரைக்கும் நடக்க இவளுக்குத் தெம்பு ஏது?” என்றாள் வடிவு.

மூவரும் சொன்னது ஆவுடையாளுக்கு நியாயமாகவே பட்டது. முத்தை உடைக்கவும் முடியாது, சொன்ன சொல்லை விழுங்கவும் முடியாது. நீங்களே சொல்லுங்கள்: அந்த முத்து யாருக்கு?

விடை: மூவராலும்தான் அவள் பிழைத்தாள். கடற்காகத்துக்குக் கண்ணருகே உள்ள சுரப்பி உப்பைப் பிரித்து அலகு வழியே சொட்டவிடுகிறது. மனிதருக்கு அது இல்லை. நம் சிறுநீரகம் கடல்நீரைவிட உப்பான சிறுநீரை உண்டாக்காது. ஒரு சிரட்டை கடல்நீரின் உப்பைத் தள்ள, ஒரு சிரட்டைக்கும் மேலான நீரை உடம்பு இழக்கும். கருவாட்டின் உப்பையும் அது செரித்தபின் மிஞ்சும் கழிவையும் கழுவவும் தண்ணீர்தான் வேண்டும். ஆனால் சேந்தன் காத்தது தான் செய்த சத்தியத்தை. வைத்தியர் தேடியது தன் தாகத்துக்கும் சேர்த்து. தன் உடம்பைக் காக்க மட்டும் என்றால் வடிவு தின்னாமல் இருந்திருந்தாலே போதும். மற்றவர்களும் தின்றுவிடக் கூடாதென்று கூடையைக் கவிழ்த்து, ஏச்சையும் வாங்கிக்கொண்டாள். ஆகவே முத்து வடிவுக்கே. “அதுதான் நியாயம்” என்று முதலில் சொன்னவன் சேந்தன்.