தலைவர் வெட்டச் சொன்ன மழைப்பாட்டு

2018 செப்டம்பர் எட்டாம் தேதி, பதினொரு வருடம் டொராண்டோ உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டே ஒரே ஒரு படத்தை எடுத்து முடித்த அகதி தவநேசன், தமிழ்ப் படவிழாத் தலைவர் அம்பலவாணரைப் பார்க்கப் போனார். அம்பலவாணர் பொன்னாடை வாங்கி வாங்கியே சினிமா மேதையானவர். அவர் தலையசைத்தால்தான் படம் திரைக்கு வரும்.

"நீர் அனுப்பின லிங்க்கிலை முழுப்படமும் பார்த்தனான். இரண்டாம் பாதியிலை அந்த மழைப்பாட்டு சவ்வு மாதிரி இழுக்குது. வெட்டிப்போட்டு நாளைக்குக் காலமை அனுப்பும். இல்லையெண்டால் விழாவிலை உமக்கு இடமில்லை."

"ஓம் ஐயா" என்று பணிவாகத் தலையாட்டிய தவநேசன், மறுநாள் காலை அதே லிங்க்கைத் திரும்ப அனுப்பினார்.

மதியம் தேர்வுக்குழு கூடியது; தவநேசனையும் கூப்பிட்டிருந்தார்கள். "இப்பதான் பார்த்து முடிச்சனான். பாட்டை எடுத்ததும் படம் பறக்குது! எல்லாம் என்ரை யோசனை" என்றார் தலைவர்.

"நான் ஒண்டும் வெட்டேல்லை ஐயா. என்ரை படத்திலை பாட்டே இல்லை. பாஸ்வேர்ட் போடாமல் அந்த லிங்க் திறக்கவும் திறக்காது. அதை நீங்கள் இன்னும் என்னட்டைக் கேக்கவேயில்லை."

குழுவில் இருந்த மங்களேஸ்வரி ரீச்சர் பேனாவை எடுத்தார். "தம்பி, எங்களுக்குச் சொல்லும். நாங்களாவது பாப்பம்."

2018 நவம்பர் 17ஆம் தேதி விழா அந்தப் படத்துடன் தொடங்கியது. நிகழ்ச்சி நிரலில் தலைவர் உரை இல்லை.