காக்கைக்கு வைத்த உருண்டை

"காக்காய்க்கு வச்ச சோத்துல நாய் வாய் வச்சிருச்சு. இதுக்கு என்ன பரிகாரம்மா?"

படியேறும்போதே கேட்டுவிட்டார் வைரவன். செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லை.

தெய்வானையம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உட்காருங்கய்யா."

குருவான தெய்வானையம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. சீடருக்கு அறுபத்தெட்டு. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், வைரவன் கண்டுகொள்வதில்லை. மூன்று வருடங்களாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் சொல்வதை எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிடுவார். அன்று செவ்வாய்கூட இல்லை.

எதையும் முறைப்படி செய்கிற மனிதர். பஞ்சாங்கம் பார்க்காமல் முடி வெட்டிக்கொள்ள மாட்டார். மனைவி சிகப்பி இறந்த அன்று, எது எது பாக்கி, யார் யார் வரவேண்டும் என்று ஓடிக்கொண்டே இருந்தார். ஒரு குறை இல்லாமல் செய்துவிட்டார் என்று எல்லோரும் மெச்சினார்கள். அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை. அழவில்லை, அவ்வளவுதான்.

"நேத்து சிகப்பிக்கு வருஷத் திவசம்" என்றார்.

"சொல்லுங்க."

"மூணு உருண்டை பிடிச்சு இலையில வச்சு மாடிக்குக் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் கூப்பிட்டேம்மா. ஒரு காக்கா எட்டிப் பாக்கல. கீழ இருபது பேரு பசியோட உக்காந்திருக்காங்க. காக்கா எடுக்காம எப்படிப் பந்தி போடுறது? தண்ணி தெளிக்கச் செம்பு எடுக்கலாம்னு கீழ இறங்கினேன். திரும்பி வந்தா, பூந்தி தின்னுக்கிட்டு நிக்குது."

பூந்தி என்பது சிகப்பி வளர்த்த நாய். பாதி பொமரேனியன், மீதி எந்தத் தெருவோ. முழங்காலுக்குக் கீழே நிற்கும். பத்து வயது.

"அப்புறம்?"

"லேசாத் தட்டினேன். ஓடிருச்சு. வேற இலை போட்டு, வேற உருண்டை வச்சேன். காக்கா வந்துச்சு. எல்லாரும் சாப்பிட்டாங்க. ஆனா மொத இலை எச்சிலாயிருச்சே. அதான் மனசு உறுத்துது."

"எதால தட்டினீங்க?"

வைரவன் சற்றுத் தயங்கினார்.

"துணி காயப்போடுற கம்பால."

தெய்வானையம்மா ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவினார். பழுத்த இலைகளைத் தனியாகப் போட்டார்.

"இப்ப எங்க இருக்கு?"

"எது?"

"பூந்தி."

"சிகப்பி கட்டிலுக்கு அடியில. நேத்து உள்ள போனது, வெளிய வரல. அது கிடக்கட்டும்மா. பரிகாரம் என்னன்னு…"

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல."

"சிகப்பி ஆச்சி அதுக்கு எப்படிச் சோறு போடுவாங்க?"

"அவளா? அவ செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருந்தா. தயிர் ஊத்திப் பிசைஞ்சு, உருட்டி உருட்டி…"

வைரவன் நிறுத்திக்கொண்டார்.



"ஆச்சி போனப்புறம்?" என்றார் தெய்வானையம்மா.

"பாக்கெட் தீனி. கிண்ணத்துல கொட்டி வச்சிருவேன்."

"உருட்டி யாரும் குடுக்கலையா?"

"எனக்கு எங்கம்மா நேரம்?"

வேலையை விட்டு எட்டு வருடம் ஆன மனிதர் இதைச் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு என்ன தெரியும்? ஒரு வருஷம் கழிச்சு இலையில உருண்டையைப் பாத்ததும்…"

முடிக்க முடியவில்லை. தெய்வானையம்மாவும் முடித்துக் கொடுக்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"காக்கா எடுக்கிற வரைக்கும் நேத்து நீங்க சாப்பிடல."

"எப்படிம்மா சாப்பிடுறது?"

"பூந்தி நேத்துலேருந்து சாப்பிடல. இன்னிக்குக் காலையில நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

வைரவன் தரையைப் பார்த்தார்.

"இட்லி."

"எத்தனை?"

"நாலு."

ஊர் எல்லைக் கோயிலில் நாயோடு நிற்கிற சாமியின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். அதை அன்று யாரும் நினைவுபடுத்தவில்லை. தேவையும் இல்லை.

"நோட்டு கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் தெய்வானையம்மா.

"இருக்கும்மா."

"எழுத வேணாம். போய் பூந்தியை டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறம் உருண்டை பிடிச்சு வைங்க. அது எடுக்கட்டும், பிறகு நீங்க சாப்பிடுங்க."

"எடுக்கலைன்னா?"

"காக்காய்க்கு என்ன செஞ்சீங்க?"

வைரவன் எழுந்தார்.

~

கால்நடை டாக்டர் ஒரு பெண். பூந்தியின் விலாவில் விரலை வைத்ததும் அது கத்தியது.

"வீங்கியிருக்கு. எலும்பு உடையல. மாடியிலேருந்து விழுந்துச்சா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரே வழி எடுத்துக் கொடுத்தார். மேசைமேல் பூந்தி நடுங்கிக்கொண்டிருந்தது. வைரவன் பக்கம் மட்டும் அது திரும்பவில்லை.

"விழல. நான்தான் அடிச்சேன்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஊசி போட்டார். பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

"பாக்கெட் தீனி."

"கீழ்ப் பல் ஒண்ணுகூட இல்லையே சார். எப்படிக் கடிக்கும்? இவ்வளவு நாளா அப்படியே முழுங்கித்தான் உயிரோட இருந்திருக்கு. நீங்க பாக்கலையா?"

வைரவன் பார்க்கவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்திருந்தார். காலையில் கொட்டுவார், மாலையில் காலியாக இருக்கும். அது போதும் என்று இருந்துவிட்டார். இரண்டு கையால் அதைத் தூக்கியபோது இவ்வளவு லேசாக எப்போது ஆனது என்று தெரியவில்லை. வீடுவரை அழுகையை அடக்கிக்கொண்டே வந்தார்.

~

அடுத்த செவ்வாய் வைரவன் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. நோட்டுப் புத்தகம் கொண்டுவரவில்லை.

"எடுத்துச்சா?" என்றார் தெய்வானையம்மா.

"எடுத்துச்சு. ரெண்டாம் நாள் மத்தியானம்."

"அதுவரைக்கும்?"

"தண்ணிதான் குடிச்சேன். கட்டிலுக்குப் பக்கத்துலயே படுத்துக் கிடந்தேன்."

"ம்."

"எவ்வளவு பெரிசுன்னே எனக்குத் தெரியலம்மா. மொதல்ல திவசத்துக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சேன். மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கிச்சு. எலுமிச்சை அளவு பிடிச்சேன். ம்ஹூம். உப்பு போட்டேன், போடாம வச்சேன். கையை நீட்டினாலே சுவரோட ஒட்டிக்கும். கம்பு பிடிச்ச கைதானே."

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

"கடைசியில நெல்லிக்காய் அளவு பிடிச்சேன். தயிரைக் கொஞ்சம் கூட விட்டு, குழையப் பிசைஞ்சு. கையில வச்சுக்கிட்டு அப்படியே முகத்தைத் திருப்பிக்கிட்டேன். ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் கையில மீசை முடி பட்டுச்சு."

வைரவன் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாப்பத்திரண்டு வருஷம் அவ கைச் சோறு தின்னேன். பத்து வருஷம் என் கண்ணு முன்னாடி இதுக்கு உருட்டிக் குடுத்தா. எவ்வளவு பெரிசுன்னு நான் பாக்கல. நெல்லிக்காய் அளவுன்னு நாய் சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் தள்ளி வைத்தார் தெய்வானையம்மா. வைரவன் குடிக்கவில்லை.

"இப்ப நல்லாச் சாப்பிடுதுல்ல?"

"மூணு வேளையும் சாப்பிடுது. அதுல குறை இல்ல. ஆனா…"

"ஆனா?"

"சாப்பிட்டு முடிச்சதும் எழுந்து அடுப்படிக்குப் போகுது. நொண்டிக்கிட்டே போகுது. வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாக்குது. வால் ஆட்டுது. கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். அப்புறம் வால் நின்னுரும். வந்து படுத்துக்கும். கிண்ணத்துல போட்டப்ப ஒரு நாளும் இப்படிச் செய்யலம்மா. உருட்டிக் குடுக்க ஆரம்பிச்சதுலேருந்துதான் தேடுது. நானே அதுக்கு ஆசை காட்டி ஏமாத்துறனோன்னு இருக்கு. அவ இல்லைங்கிறதை அதுக்கு நான் எப்படிச் சொல்லுவேன்?"

தெய்வானையம்மா வாசலைப் பார்த்தார். வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"அது எட்டிப் பாக்கும்போது நீங்க எங்க நிக்கிறீங்க?"

"நானா? கூடத்துலதான்."

"நாளைக்கு நீங்களும் கூடப் போய் வாசல்ல நின்னு, ஆச்சியைத் தேடிப் பாருங்க."