ஊர்த் தொட்டில்

ஆவாரங்குளத்தில் ஊர்ப்பொதுவாக ஒரு தொட்டில் இருந்தது. இலுப்பை மரத்தில் செய்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் கழிந்தும் பிள்ளை இல்லாத வீட்டு வாசலில், தை பிறந்ததும் அதைக் கொண்டுபோய் வைப்பார்கள். வைக்கிறவர்கள் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. உடம்பில் குறை என்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும், வைத்தியரைக்கூடக் கூட்டிவரும். ஆனால் வேண்டாம் என்று தொட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் பொறுக்காது. கொடுத்தவர்கள் மறுநாள் காலையில் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் ஊர்த்தலைவர் தாண்டவராயர். பதினோரு வருஷமாக ஒருத்தரும் திருப்பிக் கொடுக்கவில்லை. முதல் ஆள் தன் மகளாகவே இருப்பாள் என்று மனுஷன் கனவிலும் நினைக்கவில்லை, பாவம்.

பூரணி ஒரு பக்கமும் அவள் புருஷன் குமரேசன் மறுபக்கமுமாகத் தூக்கிவந்து, பட்டப்பகலில் சபை நடுவில் இறக்கி வைத்தார்கள்.

"எங்களுக்குப் பிள்ளை வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். இதுல ஊரோடது தொட்டில் மட்டுந்தான். அதைக் குடுத்துட்டோம்" என்றாள் பூரணி.

சபை தலைவரைத் திரும்பிப் பார்த்தது. யாரோ, "தலைவரே, சட்டம்..." என்று இழுத்தார்கள்.

"சட்டம் சட்டந்தான்" என்றார் அவர். பழகின வாய், சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்பது உறைத்தது.

பொழுது சாயும் முன்பே தொட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தானே மாட்டை ஓட்டி, மலையடிவாரத்துச் சுனைக்குப் போனார். அங்கே குடிசை போட்டிருந்த செல்லாண்டி அம்மைதான் அவருக்குக் குரு. அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஊரில் யாருக்கும் வணங்காத தாண்டவராயர், அம்மை முன்னால் மட்டும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

அம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை முறம் நிற்கவில்லை.

"எம் பொண்ணைக் காப்பாத்துங்க தாயே. விடிஞ்சா அவ போயாகணும். உங்க பேச்சைத் தட்டமாட்டா. தொட்டிலை வாங்கிக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு பிள்ளை போதும்."

"எதுக்கு?"

இது என்ன கேள்வி என்று அவர் முழித்தார்.

"எதுக்கா? ஊர் நடக்க வேண்டாமா? கண்மாய்ல தூர் வார ஆள் வேணும். ஏர் பிடிக்க ஆள் வேணும். செத்தா தூக்க நாலு தோள் வேணும். ஆளாளுக்கு வேண்டாம் வேண்டாம்னா ஊர் என்ன ஆவுறது?"

"சரியான பேச்சு. உன் பொண்ணு என்ன சொல்றா?"

"எங்க உடம்பு, எங்க வாழ்க்கை, எங்க இஷ்டம்ங்கறா."

"அதுவும் சரியான பேச்சு."

"ரெண்டும் எப்படித் தாயே சரியாகும்?"

அம்மை முறத்தைக் கீழே வைத்தார். "பிறந்த பிள்ளைக்கு உன் ஊர் என்ன செய்யும்?"

"ஊர் என்ன செய்யும்? பெறுறது ஊருக்காக. வளர்க்கிறது அவங்கவங்க பாடு. நாங்க அப்படித்தான் வெச்சிருக்கோம்." அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அம்மை எழுந்து குடிசைக்குள் போனார். வெளியே வரும்போது கையில் ஒரு பெண் குழந்தை. ஒரு வயது இருக்கும், நல்ல தூக்கம். நேரே வண்டிக்குப் போய், தொட்டிலில் கிடத்தினார்.

"தொட்டில் வெறுமையா இருக்கக் கூடாது. அவ்வளவுதானே? நிறைஞ்சிருச்சு. ஓட்டிட்டுப் போ."

தாண்டவராயர் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யா... யாரு பிள்ளை இது?"

"உன் ஊர்ப் பிள்ளை."

"எங்க ஊர்ல எந்தப் பிள்ளையும் காணாமப் போகலையே!"

"தேடியிருந்தாத்தானே தெரியும்? மூக்காயி பெத்தது."

மூக்காயி! ஊர்க்கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தானே சடையன், அவன் பெண்டாட்டி. போன வருஷம் நிறைமாத வயிற்றோடு அவர் வாசலில் வந்து நின்றவள். பெற்று எழுந்திருக்கும்வரை கூழுக்கு வழி பண்ணுங்கள், அது போதும் என்று கேட்டவள். அன்றைக்கு அப்பன் வீட்டுக்கு வந்திருந்த பூரணிதான் கதவைத் திறந்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு, கதவைச் சாத்தும்மா" என்றார். பூரணி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு சாத்தினாள். அப்போதெல்லாம் அப்பன் சொல்லைத் தட்டாத பெண்.

"மூக்காயி இப்ப எங்க?"

"பெத்த மூணாம் நாள் போயிட்டா. அந்த வேம்புக்குக் கீழதான் இருக்கா. நாலு தோள் எங்கே கிடைக்குது? நானும் ஒரு வழிப்போக்கனுந்தான் தூக்கினோம்."

அவர் வேம்பைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் குழந்தை விழித்துக்கொண்டு, புதுமுகத்தைக் கண்டு வீறிட்டது. பழக்கதோஷத்தில் அவர் கை தொட்டிலை ஆட்டப் போனது. சுட்டது போலச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"தாயே, இது நடக்காது. எனக்கு அறுபது ஆகப்போகுது. வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்துட்டா. காய்ச்சல்னு படுத்தா யாரு பாக்குறது?"

"ஊர்ல வேற யாராவது எடுப்பாங்களா?"

"யாரு எடுப்பா? ஆளுக்கு நாலஞ்சு பெத்துட்டு நாக்குத் தள்ளிக் கிடக்கிறாங்க."

"அப்ப உனக்கு வேண்டாம்?"

"வேண்டாம் தாயே!" தொண்டை கட்டக் கத்தினார் தாண்டவராயர். "ஒரு உசிரை வளர்க்கிறதுன்னா சும்மாவா? மனசு வந்து செய்யணும். வேண்டாங்கிறவன் தலையில கட்டி வைக்கிற காரியமா அது?"



அம்மை வண்டியருகே போனார். அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொடுத்தார். அழுகை அடங்கும்வரை காத்திருந்தார்.

பிறகு கேட்டார்: "தாண்டவராயா, நீயும் தொட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டே. காலையில நீ எந்த ஊருக்குப் போகப்போறே?"