சுவரை ஒட்டி ஓர் இடம்

"அருமைநாயகம் போதகர் அடக்கத்துக்கு நான் போகலாமா, கூடாதா? நீயே சொல்லு சாலோமி."

கேட்டவர் ஞானசிகாமணிப் போதகர். வயது அறுபத்துமூன்று.

சாலோமி கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவள். அவரைவிட இருபது வயது இளையவள். அப்போது அவள் முழங்கால் ஆழக் குழிக்குள் நின்று கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தோட்டத்தின் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

பனைவிளை ஊரில் நெஞ்சு பாரமானவர்கள் அவளைத் தேடி வருவது புதிதல்ல. அவள் அதிகம் பேசமாட்டாள். நான் எத்தனையோ கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கம் கேட்டு மணிக்கணக்காக உட்கார்ந்தவன். அங்கே கிடைக்காதது சில நாள் இவளிடம் கிடைத்திருக்கிறது.

"உங்க சபையில என்ன சொல்லுதாவ?" என்றாள் சாலோமி.

"போனா, அந்தப் போதனைக்கு நானும் ஆமென் சொன்ன மாதிரி ஆயிடும்ங்காவ."

"போகலன்னா?"

அவர் சுவரில் உதிர்ந்திருந்த பூச்சை விரலால் சுரண்டினார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ச் சபை இரண்டாக உடைந்தது. சொத்துத் தகராறு இல்லை, பதவிச் சண்டை இல்லை. கடைசிக் காலத்தில் கர்த்தர் வந்து தம்முடைய சபையை வானத்துக்கு எடுத்துக்கொள்வது மகா உபத்திரவம் என்கிற கொடிய துன்பகாலத்துக்கு முந்தியா, பிந்தியா? அதுதான் வழக்கு.

முந்தி என்றார் ஞானசிகாமணி. பிந்தி என்றார் அருமைநாயகம்.

இரண்டு பேரும் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். இரண்டு பேரும் பொய் பேசாதவர்கள், அடுத்தவன் காசுக்கு ஆசைப்படாதவர்கள். அதனால்தான் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இருவரும் இரட்டைப் பிள்ளைகள். அருமைநாயகம் அரை மணி நேரம் மூத்தவர்.

ஒரு கோயில் இரண்டு கோயிலானது. ஒரே நாளில் இரண்டு அசன விருந்து நடந்தது. கடைசியில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலும் இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழும்பியது. உயிர்த்தெழுகிற அன்றைக்கு ஆள் மாறிப்போகும் என்று பயந்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

குழி வெட்ட மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சாலோமிதான்.

அவள் நெற்றி வியர்வையை முந்தானையில் துடைத்தாள்.

"பெட்டி செய்யப்போன இடத்துலேருந்து இன்னும் அளவு வரல. நீங்களும் அவியளும் ஒரே உயரம்தானே?"

"ஆமா."

"அப்ப ஒரு நிமிசம் வந்து படுங்க. அளவு பாத்துக்கிடுதேன்."

"என்ன பேச்சு பேசுதே!"

"வெயில் ஏறிட்டு ஐயா. நாலு மணிக்கு அடக்கம்."

அவர் தயங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு இந்தப் பக்கம் இறங்கினார். பதினோரு வருஷத்தில் அவர் கால் அந்த மண்ணில் பட்டது அதுதான் முதல் தடவை. அவசரத்தில் அது அவருக்கே தெரியவில்லை.

சாலோமி மேலே ஏறிக்கொள்ள, அவர் குழிக்குள் இறங்கிப் படுத்தார்.

"காலை எந்தப் பக்கம் நீட்டியிருக்கீய?"

"இதைக் கேக்கணுமா? கிழக்கேதான். கர்த்தர் கிழக்கேயிருந்து வருவாரு. எழும்பினதும் அவரை நேருக்கு நேரா பாக்கணும்லா."

"உங்க பக்கத்துல எப்படிப் படுக்க வைக்காவ?"

"அங்கயும் கிழக்கேதான்."

அவள் ஒரு கம்பை எடுத்து, அவர் தலைமாட்டில் ஒரு கோடும் கால்மாட்டில் ஒரு கோடும் கீறினாள்.

"அன்னைக்கு யாரு முந்தி எழும்புவா? நீங்களா, அவியளா?"

படுத்திருந்தாலும் பிரசங்கியார் பிரசங்கியார்தான். குரல் தானாக உயர்ந்தது.

"இதுல என்ன சந்தேகம்? மரிச்சவங்கதான் முதல்ல எழும்புவாங்க. உயிரோட இருக்கவங்க அதுக்குப் பொறவு. அவங்ககூட ஒண்ணா சேந்து, மேகத்துல..."



அவள் கம்பை ஓரமாக வைத்தாள். மேலே ஒரு பருந்து இரண்டு சபை எல்லைக்கும் சேர்த்து வட்டமடித்துக்கொண்டிருந்தது.

அவர் தலையைத் திருப்பினார். குழி விளிம்புக்கு மேலே, ஒரு சாண் தள்ளிச் சுவர் நின்றது.

"சாலோமி, இவ்வளவு இடம் காலியாக் கெடக்கே. இதை ஏன் சுவரை ஒட்டி வெட்டுதே?"

"அவிய கேட்ட இடம்."

"எப்ப கேட்டான்?"

அதுவரை அருமைநாயகம் போதகர் என்றே சொல்லிவந்த மனுஷன் இப்போது அவன் இவன் என்றார்.

"சுவரு எழும்பின வருசம். பூச்சு காயுததுக்கு முந்தியே வந்து சொல்லிட்டுப் போனாவ."

"ஏன் இங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். இங்கன மண்ணு இளக்கமா இருக்கும், உனக்கு வெட்டச் சுலபம்னாவ."

சாலோமி கடப்பாரையை எடுத்து அவர் கால்மாட்டுக்கு அப்பால் ஒரு போடு போட்டாள். கல்லில் பட்டு நெருப்புப் பொறி பறந்தது.

"காலையிலேருந்து பாறையோட மல்லுக்கட்டுதேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.



"ஐயா, நீங்களும் உங்களுக்கு ஒரு இடம் சொல்லி வச்சிருக்கீய. அந்தப் பக்கம், இந்தக் குழிக்கு நேரா, சுவரை ஒட்டி. அவிய வந்து சொன்னதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு."

"ஆமா."

"அதுக்கு என்ன காரணம் சொன்னீய? ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. நல்ல நிழல் என்று சொல்லியிருந்தார். அந்த இடத்தில் ஒரு மரம் கிடையாது. ஓர் ஆமணக்குச் செடிகூடக் கிடையாது.

ஞானசிகாமணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளை அழுவதுபோல வாய்விட்டு அழுதார். சாலோமி அவரைத் தேற்றவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கிறவரைக்கும் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு அவர் எழுந்து உட்கார்ந்தார். முதுகெல்லாம் அண்ணனுடைய மண்.

"பெட்டியைக் குழிக்குள்ள இறக்க எத்தனை பேரு வேணும்?"

"கயிறு பிடிக்க நாலு பேரு."

"ஆளுக்குச் சொல்லிட்டியா?"

"மூணு பேருக்குத்தான் சொல்லியிருக்கேன்."