இப்படித் திருப்புங்க

“டீச்சர், என் பேரு எனக்கே திரும்பித் தெரியுது.”

ஞானதிரவியம் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். உட்காரக்கூட இல்லை.

வயது ஐம்பத்தாறு. கோவில்பட்டியில் முப்பது வருஷமாக கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர். ஆறு மாதமாக, ரிப்பேர் பார்ப்பதை லைவ் வீடியோவில் சொல்லித்தருகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச், சனிக்கிழமை லைவ். இரண்டுக்கும் ஒரே வெள்ளைச் சட்டை.

அவருடைய குரு இசக்கிக்கு வயது இருபத்தொன்பது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்ஃபோன் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை வைத்திருக்கிறாள். வீடியோ எடுக்கத் தெரியாதவர்களுக்கு எடுக்கச் சொல்லித்தருவாள். இடமில்லாதவர்களுக்கு அறையையும் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். மனிதர்கள் பேசுவதில் பாதியை வெட்டிப் போடலாம் என்பது எடிட்டிங் செய்து செய்து அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

வெப்கேம் வாங்க வேண்டும் என்று முதல் நாள் வந்து நின்றவரிடம், “உங்க ஃபோன்லயே நல்ல கேமரா இருக்கு அண்ணாச்சி” என்று சொன்னவள் அவள்தான். ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கேபிளால் லேப்டாப்போடு சேர்த்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து படம் பளிச்சென்று வந்தது.

தொந்தரவும் அன்றிலிருந்துதான். பளிச்சென்று தெரிந்தால் மனிதன் வேறெதையும் பார்ப்பானா? ஞானதிரவியம் லைவ் முழுக்க லேப்டாப்பில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க பாருங்க டீச்சர். பின்னால போர்டு மாட்டியிருக்கேன்ல. ‘ஞானம் கேஸ் சர்வீஸ்’. லேப்டாப்புல ஞானம் திரும்பிக் கிடக்கு.”

“உங்களுக்கு மட்டுந்தான் அப்படித் தெரியும் அண்ணாச்சி. கண்ணாடி பாக்குற மாதிரி. பாக்குறவங்களுக்கு நேராத்தான் போவுது.”

“எனக்கும் நேராத் தெரியணும்லா?”

“போர்டை யாரு படிக்கணும்?”

ஞானதிரவியத்துக்குச் சுருக்கென்று இருந்தது. தன் பையனைவிடச் சின்னப் பெண்ணிடம் பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கம் இல்லை. ஆனால் அவள் கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுப்பது அவருக்கு எப்போதும் பிடிக்காது.

“சரி, விடுங்க” என்றார். விடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு லைவ். அதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இசக்கி டீ குடிக்கக் கீழே போனாள்.

ஞானதிரவியம் ஃபோனில் கேமரா செட்டிங்கைத் திறந்தார். தடவித் தடவித் தேடினார். ‘மிரர்’ என்று ஒன்று இருந்தது. தட்டினார்.

லேப்டாப்பில் ஞானம் நேரானது.

அடேயப்பா, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கை தட்டாத குறை. அவருக்கு நேரானபோது மற்ற எல்லோருக்கும் படம் திரும்பிவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

இசக்கி திரும்பி வந்தாள். அவர் சொல்லவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

லைவ் தொடங்கியது. நாற்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் பார்க்கிறவர்கள் லைவுக்குள் வந்து சந்தேகம் கேட்கலாம். முதலில் ஒருவர் பர்னர் சரியாக எரியவில்லை என்றார். அடுத்தவர் லைட்டர் பற்றிக் கேட்டார்.

மூன்றாவதாக ஒரு பெண் குரல்.

“அண்ணாச்சி, கேஸு வருது. புஸ்ஸுனு சத்தம் கேக்குது.”

திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. ஓட்டுக்கூரை மட்டும் தெரிந்தது. ஃபோனை எங்கோ சாய்த்து வைத்திருக்கிறாள். பெயர் சண்முகக்கனி என்று இருந்தது.

“எங்க இருந்து பேசுதீங்கம்மா?”

“எட்டயபுரம் ரோட்ல டீக்கடை. கடைக்குப் பின்னாலயே வீடு.”

“அடுப்பு எரியுதா?”

“அணைச்சிட்டேன்.”

“சுவிட்ச் எதையும் தொடாதீங்க. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லாரும் வெளிய வந்துருங்க.”

“அவரு உள்ள படுத்திருக்காரு அண்ணாச்சி. இடுப்புல ஆபரேஷன் பண்ணிப் பத்து நாள்தான் ஆவுது. நான் ஒருத்தியாத் தூக்க முடியாது.”

“அக்கம்பக்கத்துல யாரும் இல்லையா?”

“எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. கூப்பிட்டுப் பாத்துட்டேன்.”

இசக்கி கேபிளைக் கீழே வைத்தாள்.

ஞானதிரவியம் பதறவில்லை. இது அவருக்குத் தெரிந்த காரியம்.

“கடைச் சிலிண்டர்தான? பெருசு? மேல உருண்டையா ஒரு திருகு இருக்கும். அத மூடினாப் போதும்மா. நின்னுரும்.”

“எந்தப் பக்கம் திருப்பணும்? எப்பவும் அவருதான் மூடுவாரு.”

அவர் மேஜைமேல் அதே மாதிரி பழைய வால்வு ஒன்று இருந்தது. எல்லா லைவிலும் அது இருக்கும். அதைக் கேமரா முன்னால் நகர்த்தி வைத்தார். திருகைப் பிடித்தார்.

“இப்படித் திருப்புங்க.”

லேப்டாப்பில் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பளிச்சென்று தெரிந்தது.

“திருப்பிட்டேன்.”

“ம்.”

“சத்தம் கூடுது அண்ணாச்சி.”

“இறுகுற வரைக்கும் திருப்புங்க. இப்படி.”

“கூடுது! கூடுது!”

புஸ்ஸென்ற சத்தம் இப்போது அறையிலேயே கேட்டது. கமெண்டுகள் விழுந்தன. அக்கா ஓடுங்க. ஃபயர் சர்வீஸுக்கு ஃபோன் போடுங்க. நான் போட்டுட்டேன், வர இருபது நிமிஷம் ஆகுமாம்.

ஞானதிரவியம் ஒன்றையும் படிக்கவில்லை. தன் கையையே பார்த்தார். சரியான பக்கம்தான். முப்பது வருஷமாக மூடுகிற கை. தப்பு எங்கே? அந்தப் பெண்தான் தப்பாகத் திருப்புகிறாளா? வால்வு உடைந்துவிட்டதா?

“அம்மா, நான் திருப்புறதப் பாத்துத் திருப்புங்க.”

“பாத்துத்தான் திருப்புதேன்! அப்படியேதான் திருப்புதேன்!”

உள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. “கனி, நீ போ. வெளிய போ நீ.”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் அவள். இருமினாள்.

ஞானதிரவியத்தின் சட்டை முதுகோடு ஒட்டியது. இரண்டு உயிர். அவர் சொன்னபடியே செய்துகொண்டிருக்கிற இரண்டு உயிர்.

இசக்கி தன் ஃபோனில் லைவைத் திறந்தாள். யாரோ கேட்டிருந்தார்கள்: ‘போர்டு ஏன் திரும்பியிருக்கு?’

அவள் தன் ஃபோனைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். எழுந்தாள்.

“டீச்சர், நான் சரியாத்தான திருப்புதேன்?”

“உங்க கை சரி. அங்க போற படம் தப்பு.”

“என்னது?”

அவள் விளக்கவில்லை. ஸ்டாண்டில் இருந்த ஃபோனின் கேமராமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

லேப்டாப்பில் ஞானம் போயிற்று. வெள்ளைச் சட்டை போயிற்று. வால்வும் போயிற்று. கறுப்பு மட்டும் இருந்தது.

“ஐயோ, என்ன பண்ணுதீங்க! அந்தம்மா பாத்துக்கிட்டு இருக்கு!”

“பாக்க வேண்டாம். சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல?”

“‘இப்படி’ன்னு சொல்லாம சொல்லுங்க.”

ஞானதிரவியம் வாயைத் திறந்தார். கை தானாகத் திருகுக்குப் போனது. திருப்பிக் காட்டியது. யாருக்கும் தெரியவில்லை.

“அண்ணாச்சி, படம் போயிருச்சு! இருக்கீங்களா?”

“இருக்கேன். இருக்கேன் தாயி. நான் இதுவரைக்கும் காட்டுனது தப்பு. அத மறந்துரு.”

“தப்பா?”

“என் தப்பு. இப்ப வலது பக்கமாத் திருப்பு.”

“உருண்டையா இருக்கே. உருண்டைக்கு ஏது வலது?”

நியாயமான கேள்வி. வட்டத்தில் இந்தக் கரை வலப்பக்கம் போனால் அந்தக் கரை இடப்பக்கம் போகும். முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவர்தான் எல்லா வீட்டிலும் நேரில் போய்த் திருப்பியிருக்கிறாரே.

“கடிகார முள்ளு சுத்துற பக்கம் தாயி.”

“முள்ளா?” இருமினாள். “நான் செல்லுலதான் மணி பாக்கேன். யோசிக்க வரல அண்ணாச்சி. தலை சுத்துது.”

ஞானதிரவியம் இசக்கியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா?

இசக்கி கேமராமேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவளுக்கும் வார்த்தை வரவில்லை. அவளும் காட்டிப் பழகியவள்தான்.

அவர் கண்களை மூடினார்.

கறுப்புக்குள் முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு எட்டயபுரம் ரோடு வந்தது. டீக்கடை வந்தது. அங்கே ஒரு பொம்பளை, விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, பால் காய்ச்சி. அவள் எந்தப் பக்கம் நடப்பாள்? எதைப் பார்த்து நடப்பாள்? யோசிக்காமல் அவள் எதைச் சுற்றுவாள்?

கண்ணைத் திறந்தார்.

“தாயி, கோயிலுக்குப் போவியா?”

“இப்ப எதுக்கு அண்ணாச்சி அது!”

“சொல்லு. போவியா?”

“வெள்ளிக்கெழமை தவறாது. காளியம்மன் கோயிலு.”

“சுத்துவியா?”

“மூணு சுத்து.”

“அந்தத் திருகு இருக்குல்லா, அதுக்கு நடுவுல அம்மன் இருக்கான்னு வச்சுக்கோ. உன் கைதான் நீ. அம்மன எந்தப் பக்கமாச் சுத்துவியோ அந்தப் பக்கமாக் கையச் சுத்து. இறுகுற வரைக்கும் சுத்து.”

ஒரு நாளும் பிரகாரம் சுற்றியவர் இல்லை அவர். அன்னதான அடுப்பை ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில், வாஷர் வாங்கப் போன ஆள் திரும்பி வரும்வரை தூணோரம் உட்கார்ந்து, சுற்றுகிறவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததோடு சரி.

சின்னப் பெட்டியில் ஓட்டுக்கூரை மட்டும் இருந்தது. புஸ்ஸென்ற சத்தம் அப்படியே இருந்தது.

“தாயி? தாயி, சுத்துதியா?”

“ஒண்ணு” என்றாள்.

“ரெண்டு.”

“விடாத.”

“கொறையுது. அண்ணாச்சி, கொறையுது!”

“விடாத தாயி, சுத்து.”

“மூணு.” அவள் அழுதுகொண்டிருந்தாள். “நாலு. அதுக்கு மேல வரல. இறுகிருச்சு.”

மூவரும் கேட்டார்கள். சத்தம் இல்லை. உள்ளே படுத்திருந்தவர் இருமுவது மட்டும் கேட்டது.

இசக்கி கையைக் கேமராவிலிருந்து மெல்ல எடுக்கப் போனாள். லேப்டாப்பில் கறுப்பு வெளுத்து, ஓரமாக ஞானதிரவியத்தின் கன்னம் தெரிந்தது. கமெண்டுகள் கொட்டிக்கொண்டிருந்தன. பார்க்கிறவர்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள்.

“கையை எடுக்காதீங்க டீச்சர்.”

“அடைச்சாச்சே அண்ணாச்சி?”

அவர் லேப்டாப் பக்கம் திரும்பவே இல்லை.

“அந்தப் புள்ள இன்னும் கேஸுக்குள்ளதான் நிக்கா” என்றார். “தாயி, மொதல்ல பின்வாசக் கதவத் திற.”