சேற்றில் படுக்க மறுத்த கடமான்

கோடையில் காட்டுக் குளம் வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. சுற்றிலும் ஆழமான சேறு. அந்தக் காட்டில் வேறு தண்ணீர் இல்லை. இரண்டு நாள் தாகத்தோடு ஒரு கடமான் கூட்டம் கரையில் வந்து நின்றது.

ஓர் உடும்பு சேற்றின்மேல் வயிறு பதிய ஊர்ந்துபோய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

“இப்படி வயிற்றைத் தேய்த்துக் குடிக்கும் தண்ணீர் தொண்டையில் இறங்குமா?” என்று கூட்டத்தின் தலைவனான ஆண் மான் கேலி செய்தது.

“நன்றாகவே இறங்கியது, தலைவரே! உங்களுக்கும் அதுதான் வழி. நடந்தால் புதைவீர்கள்!”

“என் கூட்டத்தின் கண்ணெதிரே நான் ஊர்வதா?”

ஆண் மான் சேற்றில் இறங்கி நடந்தது. பத்தடி தாண்டுவதற்குள் முழங்கால்வரை புதைந்தது. ஒரு காலை உருவ முயன்றது; மற்ற மூன்றும் மேலும் ஆழத்தில் இறங்கின.

“உதறாதீர்கள்!” என்று உடும்பு கத்தியது. “உங்கள் எடை முழுவதும் நான்கு சிறிய குளம்புகள் வழியாகச் சேற்றை அழுத்துகிறது. பக்கவாட்டில் படுங்கள்! அதே எடை வயிற்றிலும் விலாவிலும் பரவினால் சேறு தாங்கும். பிறகு கால்களை மெல்ல உருவலாம்!”

“முழ நீளப் பிராணி நீ! உன்னைத் தாங்கும் சேறு என்னைத் தாங்குமா?”

“உங்களைவிடக் கனமான முதலை நேற்று இதன்மேல்தான் வயிற்றால் நகர்ந்து குளத்தைவிட்டுப் போயிற்று!”

கரையிலிருந்து ஆண் மானின் துணையான பெண் மான் அலறியது: “படுத்துவிடுங்கள்! யாரும் சிரிக்க மாட்டோம்!”

“இன்று படுத்தால், நாளை எனக்கு யார் வழிவிடுவார்கள்?”

ஆண் மான் நிமிர்ந்தே நின்றது. சேறு தொடையைத் தாண்டி, வயிற்றைத் தொட்டு, விலாவை மூடியது. அப்போதுதான் அது படுக்க முயன்றது. சாய்வதற்கு இடமில்லை. சேறு நாற்புறமும் இறுகப் பிடித்திருந்தது.

மாலைக்குள் அதன் மூச்சு அடங்கியது.

நாக்கு வறண்டு கிடந்த தன் குட்டியைப் பெண் மான் பார்த்தது. முன்னங்கால்களை மடித்து, சேற்றின்மேல் வயிறு பதியப் படுத்தது.

“என் பின்னால் வா. எழுந்து நிற்காதே!”

இரண்டும் ஊர்ந்துபோய்த் தண்ணீரை அடைந்தன. மற்ற மான்களும் ஒவ்வொன்றாகப் படுத்தன. குடித்து முடித்ததும் குட்டி கேட்டது: “அம்மா, அப்பா ஏன் படுக்கவில்லை?”

“நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்” என்றது பெண் மான்.

பிறர் பார்வைக்கு அஞ்சி இயற்கையின் விதியோடு முரண்டு பிடிப்பவர், உயிரைக் கொடுத்துத்தான் அந்த விதியைக் கற்றுக்கொள்கிறார்.