லிச்கேட் என்ற பெயர்

போத்தனூர் ரயில்வே காலனியில் லிச்கேட் என்ற ஆங்கிலோ-இந்தியக் குடும்பப் பெயரோடு, இளைய தலைமுறையில் இரண்டே பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருத்தி யூனிஸ். ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஆஸ்வால்ட் கைக்குழந்தையாகத் தத்தெடுத்து வளர்த்தவள். மற்றவன் மெல்வின், ஆஸ்வால்டின் தம்பி மகன்.

தம்பி முன்பே போய்விட்டார்; இப்போது ஆஸ்வால்டும் இறந்தார். அவருடைய தந்தை தன் சொந்த வீட்டுக்கு எழுதிய உயிலில் ஒரே நிபந்தனைதான் இருந்தது: "என் இரு மகன்களின் காலத்துக்குப் பின் வீடு லிச்கேட் குடும்பத்தாருக்கே சேர வேண்டும்."

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மெல்வின் வந்து நின்றான்.

"வீட்டைக் காலி பண்ணிடு, யூனிஸ். பேரை யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். ரத்தத்தைக் கொடுக்க முடியுமா? எங்க முன்னோர் கோட்டை வாசலைக் காத்த பிரபுக்கள்."

சிறுவயதில் அவளோடு ஒரே தட்டில் கேக் தின்றவன் அவன்.

வழக்கு பாதிரியாரிடம் போனது. தன் பரம்பரையை நிரூபிக்க, இங்கிலாந்திலிருந்த பூர்வீக ஊரின் தேவாலயத்துக்கு மெல்வினே கடிதம் எழுதினான். பதில் வந்ததும் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்தான், அவ்வளவு நம்பிக்கை.

பாதிரியார் உரக்க வாசித்தார்:

"பழைய ஆங்கிலத்தில் லிச் என்றால் பிணம். கல்லறைத் தோட்டத்தின் முகப்பில், சவப்பெட்டியை இறக்கிவைக்கும் வாசல்தான் லிச்கேட். அதன் அருகில் குடியிருந்து குழி வெட்டியவருக்கு அதுவே குடும்பப் பெயரானது."

மெல்வின் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். பாதிரியார் தொடர்ந்து வாசித்தார்.

"ஒரே வாரத்தில் அவருடைய ஐந்து பிள்ளைகளையும் பெரியம்மை கொண்டுபோயிற்று. அந்தக் குளிர்காலத்தில், அதே வாசலில் யாரோ விட்டுப்போன ஆண் குழந்தையை எடுத்துத் தன் பெயரைக் கொடுத்து வளர்த்தார். பின்னால் வந்த லிச்கேட்கள் அனைவரும் அந்தக் குழந்தையின் வழியினரே."

மெல்வினின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இருக்கட்டும்," என்றான் கடைசியில். "அந்தக் குழந்தையோட ரத்தம் நான். இவ அதுகூட இல்லையே!"

"அதை எடுத்து வளர்த்தவருக்கு அது என்ன சொந்தம்?" என்றாள் யூனிஸ்.

கேட்டிருப்பவர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். வீடு யாருக்கு?

இருவருக்கும். எடுத்து வளர்த்த பிள்ளை குடும்பத்தில் சேராது என்றால், அந்தக் குழந்தையும் லிச்கேட் இல்லை, மெல்வினும் இல்லை. சேரும் என்றால், யூனிஸும் லிச்கேட்தான். அவளை வெளியே தள்ள அவனுக்கு வழியில்லை. அவனைத் தள்ள அவளுக்கும் வழியில்லை. பாதிரியார் இதைச் சொல்லி முடித்தார். மெல்வின் தலை நிமிராமல் கேட்டான்: "என்னை உள்ளே விடுவியா, யூனிஸ்?"